ஷீல்டு கேபிளுக்கு எர்த் வேண்டும்

காரைக்காலில் துறைமுகம் இருக்கிறது, என்.ஐ.டி. இருக்கிறது, ஜிப்மர் கிளை இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் சர்வர் ரேக் வைக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும்: நெட்வொர்க் கேபிள் ஷீல்டடா, அன்ஷீல்டடா? டீ ஆறுவதற்குள் பார்த்துவிடுவோம்.

முதலில் சாதாரண கேபிளை உரித்துப் பார்ப்போம். உள்ளே எட்டுச் செம்புக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக முறுக்கியிருக்கும். கிரகாம் பெல் 1881இல் தொலைபேசிக் கம்பிக்காகக் காப்புரிமை பெற்ற உத்தி இது. ஜோடியின் இரு கம்பிகளிலும் ஒரே சிக்னல் நேரும் எதிருமாக ஓடுகிறது. வெளியே இருந்து வரும் மின் இரைச்சலோ இரண்டிலும் கிட்டத்தட்டச் சமமாக ஏறுகிறது. மறுமுனையில் உள்ள கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் படிப்பதால் இரைச்சல் கழிந்துபோகிறது. ஆக, அன்ஷீல்டட் கேபிளுக்கும் பாதுகாப்பு உண்டு.

ஷீல்டட் கேபிளில் இந்த ஜோடிகளின் மேல் அலுமினியத் தாளோ உலோகப் பின்னலோ கூடுதலாக இருக்கும். பெரிய மோட்டார், ஜெனரேட்டர், பவர் கேபிள் ஆகியவற்றை ஒட்டி நீளமாகப் போகும் லைனுக்கு இது உதவும். 10 ஜிகாபிட் கேபிள்கள் கட்டுக்கட்டாகப் போகும்போது ஒன்றின் இரைச்சல் மற்றொன்றில் ஏறாமலும் தடுக்கும்.

இங்கேதான் எல்லோரும் தவறுகிறோம்: விலை கூடியது, அதனால் எங்கே போட்டாலும் நல்லது என்று நினைக்கிறோம். எர்த் இல்லாத ஷீல்டு, வடிகுழாய் இல்லாத மொட்டைமாடி மாதிரி. ஐப்பசி மழை முழுவதையும் வாங்கித் தேக்கிவைத்து வீட்டுக்குள்ளேயே ஒழுகவிடும். ஷீல்டு பிடித்த இரைச்சல் இறங்க, உலோக ஜாக், பேட்ச் பேனல், ரேக், கட்டடத்தின் எர்த் என்று வழி அறுபடாமல் இருக்க வேண்டும். நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஜாக் வந்தால் வழி அறுந்தது. நம் ஊர் உப்புக் காற்றில் எர்த் கிளாம்ப் துருப்பிடித்தாலும் அதே கதிதான்.

தனித்தனி எர்த் உள்ள இரண்டு கட்டடங்களை ஷீல்டட் கேபிளால் இணைத்தால், ஷீல்டு வழியாகவே மின்னோட்டம் பாயலாம். அங்கே ஃபைபர்தான் சரி.

ஒரே ரேக்குக்குள் ஓரிரு மீட்டர் போகும் 1 ஜிகாபிட் இணைப்புக்கு, சுத்தச் செம்பில் செய்த அன்ஷீல்டட் கேட் 6 போதும். 10 ஜிகாபிட் 100 மீட்டர் போக வேண்டுமானால் கேட் 6ஏ வாங்குங்கள். அதிலும் அன்ஷீல்டட் உண்டு. ஷீல்டட்தான் வேண்டுமென்றால், கேபிளுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தை அளந்து பாருங்கள்.