கருந்துளையால் ஞாயிற்றுத் தொகுதிக்கு ஆபத்து உண்டா?

கருந்துளை என்றதும், அண்டத்தையே உறிஞ்சும் பூதமென்று பலர் அஞ்சுவர். பெருந்திணிவு சிற்றிடத்துள் ஒடுங்கிய பொருளே அது. ஞாயிறு முழுவதையும் ஏறக்குறைய 6 கிலோமீற்றர் குறுக்களவுள் நசுக்கினால் கருந்துளையாகிவிடும். அவ்வாறு நேரினும் பூமி தன் பாதை பிறழாது; ஈர்ப்பு, திணிவையும் தொலைவையுமே பொறுத்தது. ஒளியின்றி நாம் உறைந்துபோவது வேறு விடயம்!

நாமறிந்தவற்றுள் மிக அண்மையிலுள்ள கருந்துளை, கையா விண்கலத்தின் அளவீடுகளால் 2022இல் வெளிப்பட்டது. தொலைவு ஏறத்தாழ 1,560 ஒளியாண்டு. திணிவு ஞாயிற்றினும் 9 மடங்குக்கு மேல். ஞாயிற்றையொத்த உடுவொன்று 186 நாளுக்கொருமுறை அதனைச் சுற்றிவருகிறது, விழுங்கப்படவில்லை.

அலைந்து திரியும் கருந்துளையொன்று நம்மை அணுகுமாயின், கோள்களின் பாதைகள் குலைவது மெய்யே. ஆயினும் அது மறைந்து வர இயலாது. நெப்தியூனுக்கு வெகு அப்பால் நிற்கும்போதே, புறக்கோள்களின் பிறழ்ச்சி அதன் வரவை வானியலாளர்க்கு உணர்த்திவிடும்.