பாராசூட் துணியில் ஒரு சுவர்

நாலு பேர் சேர்ந்து சுவரில் படம் வரைந்தால் மனநோய் போய்விடுமா என்று கேட்கிறீர்கள். போகாது. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், அப்படியிருந்தும் ஒரு நகரம் ஏன் இந்த வேலையை விடாமல் செய்கிறது என்று சொல்கிறேன்.

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாதான் அந்த நகரம். 1984இல் மேயராக இருந்த வில்சன் குட், சுவர்களில் கிறுக்கித் திரிந்த இளைஞர்களைச் சமாளிக்க ஒரு திட்டம் தொடங்கினார். ஜேன் கோல்டன் என்ற ஓவியரை வேலைக்கு எடுத்தார்கள். அவர் அந்தப் பையன்களின் கையிலேயே தூரிகையைக் கொடுத்தார். 1996இல் அது ‘மியூரல் ஆர்ட்ஸ்’ என்ற பெயரில் சுவரோவியத்துக்கென்றே ஆன திட்டமாக மாறியது. இதுவரை வரைந்த சுவர்கள் நாலாயிரத்தைத் தொடும். மனநலம் பிறகு வந்து சேர்ந்தது. நகரத்தின் மனநலத் துறையும் இவர்களும் சேர்ந்து ‘போர்ச் லைட்’ என்று ஒன்றை நடத்தினார்கள். போதையிலிருந்து மீள்பவர்கள், வீடில்லாதவர்கள், மனநல சிகிச்சையில் இருப்பவர்கள், அவர்கள் வசிக்கும் தெருக்காரர்கள் எல்லாரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து வண்ணம் தீட்டுவதுதான் அது.

வேலை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. மூன்று மாடி உயரச் சாரத்தில் நூறு பேரை ஏற்ற முடியாது. ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்கு உயரம் என்றாலே பயம், இன்னொருவர் சிறையில். அதனால் சுவரை இவர்களிடம் கொண்டுபோகிறார்கள். பாராசூட் துணி என்று அவர்கள் சொல்லும், தறியில் நெய்யாத மெல்லிய துணி ஒன்று இருக்கிறது. ஓவியர் போட்ட படத்தை ஐந்தடிக்கு ஐந்தடி சதுரங்களாகப் பிரித்து, அந்தத் துணியில் கோடு இழுத்துவிடுவார்கள். கோட்டுக்குள் ஒவ்வொரு திட்டுக்கும் ஓர் எண். எண்ணுக்கு உரிய வண்ணம் டப்பாவில் கலந்து தயாராக இருக்கும். 17 என்று போட்ட இடத்தில் 17ஆம் டப்பா. அவ்வளவுதான். காய்ந்ததும் சதுரங்களை எடுத்துப்போய், அக்ரிலிக் பசை தடவிச் சுவரில் ஒட்டுவார்கள். தெருவில் நின்று பார்ப்பவருக்கு அது துணி என்றே தெரியாது.

எண் பார்த்துப் பூசுவதெல்லாம் ஒரு கலையா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில்லை. “எனக்குப் படம் போட வராதே” என்று விலகி நிற்கும் பெரியவர்களை உள்ளே இழுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. மனநல மருந்துகளில் சில கை நடுக்கம் கொடுக்கும். கோடு தாண்டினால் தாண்டட்டும், மேலே இன்னொரு பூச்சு பூசிக்கொள்ளலாம். தன்னால் யாருக்கும் பிரயோஜனமில்லை என்று மாதக்கணக்கில் நினைத்துக்கொண்டிருப்பவருக்கு, தான் பூசாவிட்டால் இந்தச் சதுரம் வெள்ளையாகவே நிற்கும் என்பது லேசான விஷயமா?

இன்னொன்று, பேச்சு. கல்யாண வீட்டில் முதல் நாள் ராத்திரி காய் நறுக்க உட்காரும் கூட்டத்தைக் கவனித்திருப்பீர்கள். கை அரிவாள்மணையில், கண் கத்தரிக்காயில். வருடக்கணக்காக வாய் திறக்காத விஷயமெல்லாம் அங்கேதான் வெளியே வரும். எதிரே உட்கார்த்தி வைத்து “உன் மனசில் என்ன?” என்று கேட்டால் பாதிப் பேர் ஊமையாகிவிடுவார்கள். துணிமேல் குனிந்திருக்கும்போது அந்தச் சங்கடம் இல்லை. பேசாமல் இருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை.

இதை ஆர்ட் தெரபியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது பயிற்சி பெற்றவர் நடத்தும் சிகிச்சை. ஒருவர் வரைந்ததை வைத்து அவர் மனசுக்குள் போகும் வழி. இங்கே யாரும் யாருடைய படத்தையும் துருவுவதில்லை.

ஆனால் எல்லாம் சுமுகமாக நடக்கும் என்றும் நினைக்க வேண்டாம். நகரத்துக்கு வெளியே கிரேட்டர்ஃபோர்ட் என்ற பெரிய சிறை இருந்தது. அங்கிருந்த கைதிகளும், குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களும் சேர்ந்து, ஆறுதல் என்பதைப் பற்றி ஒரு சுவருக்குப் படம் யோசித்தார்கள். தண்டனை, வருத்தம், மன்னிப்பு எதிலும் இரண்டு தரப்புக்கும் ஒத்துவரவில்லை. கடைசியில் 2004இல் எழுந்தது ஒரு சுவரல்ல, இரண்டு: கைதிகளின் பயணம் ஒன்றில், பாதிக்கப்பட்டவர்களின் பயணம் இன்னொன்றில். ‘கான்கிரீட், ஸ்டீல் அண்ட் பெயின்ட்’ என்ற ஆவணப்படத்தில் அந்த மோதலைப் பார்க்கலாம். சமரசமாக ஒரு புறாவை வரைந்து முடித்திருக்கலாம். அப்படிச் செய்யாததால்தான் எனக்கு அவர்கள்மேல் மரியாதை.

பலன் உண்டா என்று கேட்பீர்கள். யேல் மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள் ‘போர்ச் லைட்’டைச் சில வருடம் தொடர்ந்து கவனித்து, 2015இல் அறிக்கை கொடுத்தார்கள். புதிய சுவரோவியத்திலிருந்து ஒரு மைல் தூரத்துக்குள் வசித்தவர்களிடம், அக்கம்பக்கத்தார்மேல் நம்பிக்கையும், ஒன்றுகூடி ஏதாவது செய்ய முடியும் என்ற எண்ணமும் கூடியிருந்தன. மனநோய் உள்ளவர்களை ஒதுக்கிப் பார்க்கும் பார்வையும் குறைந்திருந்தது. கவனியுங்கள், இது தெருவுக்குக் கிடைத்த பலன். தூரிகை பிடித்தவருடைய மனச்சோர்வு தீர்ந்தது என்று இதை வாசிக்கக் கூடாது. மாத்திரையை அவர் நிறுத்தவும் கூடாது.

அதனால் எங்காவது இப்படி ஒரு வேலை தொடங்குவதாகக் கேள்விப்பட்டால், படத்தை யார் முடிவு செய்தார்கள் என்று முதலில் விசாரியுங்கள். கூலிக்கு வந்த ஓவியர்கள் ஒரே வாரத்தில் வரைந்துவிட்டுப் போனால் தெரு அழகாக இருக்கும், அதில் எனக்குச் சண்டையில்லை. மனநலக் கணக்கில் மட்டும் எழுதாதீர்கள். எதைப் பற்றிய படம் என்பதையும் விசாரியுங்கள். 2012இல் ஃபிலடெல்ஃபியாவில் தற்கொலையைப் பற்றியே ஒரு சுவர் எழுந்தது. உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் அதில் கலந்துகொண்டார்கள். அந்த மாதிரி விஷயத்தைத் தொடுவதானால் ஆலோசகர் ஒருவர் அதே அறையில் இருந்தாக வேண்டும்.

கடைசி நாளைப் பற்றியும் கேளுங்கள். வாராவாரம் வந்து பழகியவருக்கு, படம் முடிந்த மறுவாரம் போக இடமில்லை. அது வெறும் ஏமாற்றத்தோடு நிற்காது, சிலரைப் பழைய இருட்டுக்கே தள்ளிவிடும். திறப்பு விழா நடத்தி, டீ கொடுத்து அனுப்புவதற்கு முன்பே, அடுத்த துணி எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.