ஒரு பெரிய எழுத்தால் இரண்டான கணக்கு

போரால் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி வழங்கும் ஒரு சிறிய அமைப்புக்கு, சில ஆண்டுகளுக்கு முன் இணைய விண்ணப்பப் படிவம் ஒன்றைச் செய்து கொடுத்தேன். முடிவுத் திகதி கடந்த பின் வன்னியிலிருந்து ஒரு தாய் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, நான் முதலே பதிஞ்சனான். பிறகு போய்ப் பாத்தா அப்பிடி ஒரு கணக்கே இல்லை எண்டு வந்தது. அதால திரும்பவும் பதிஞ்சன். இப்ப ரெண்டு தரம் போட்டதெண்டு நிப்பாட்டி வச்சிருக்கினம்."

2009 இல் கணவரை இழந்தவர் அவர். எத்தனையோ இடங்களில் விபரம் கொடுத்து, 'உங்கள் பதிவு இல்லை' என்ற பதிலோடு திரும்பியவர். அதே பதிலை என் படிவமும் அவருக்குச் சொல்லியிருந்தது.

தேடிப் பார்த்தேன். முதற்பதிவு கொமினிகேசன் கடையொன்றில், மின்னஞ்சல் முகவரி முழுவதும் சிறிய எழுத்தில் செய்யப்பட்டிருந்தது. வீட்டில் அவர் திறந்தது கைத்தொலைபேசியில். அது முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கிவிட்டது.

தமிழில் இந்த வேறுபாடே இல்லை. ஆங்கிலம் வாசிப்பவருக்கும் இரண்டும் ஒரே முகவரிதான். கணினிக்கு அப்படியல்ல. எழுத்துகளை அது எண்களாகவே வைத்திருக்கிறது: பெரிய 'ஏ' 65, சிறிய 'ஏ' 97.

மின்னஞ்சலில் 'அட்' குறிக்குப் பின்னால் வரும் பகுதியில் எழுத்தின் அளவு கணக்கில் வராது. முன்னால் வரும் பகுதியில் வரலாம் என்கிறது 2008 இல் வெளியான ஆர்எப்சி 5321 என்னும் இணைய நியமம். ஆனால் அந்த வேறுபாட்டைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் அதுவே அறிவுறுத்துகிறது. ஜிமெயில் போன்ற சேவைகள் அதைப் பார்ப்பதில்லை. ஆகவே இரண்டு கணக்குகளுக்குமான மடல்கள் அந்தத் தாயின் ஒரே பெட்டிக்குத்தான் போயிருந்தன.

பிழை என்னுடையது. நான் சோதித்துப் பார்த்தது மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில். அதன் வழமையான அமைப்பு பெரிய, சிறிய எழுத்துகளை ஒன்றாகவே கொள்ளும். படிவம் இயங்கியதோ போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில். அது வேறு வேறாகக் கொள்ளும்.

திருத்தம் கடினமானதல்ல. பதியும்போதும் உள்நுழையும்போதும் முகவரியின் முன்பின் இடைவெளிகளை நீக்கி, சிறிய எழுத்தாக்கி ஒப்பிட வேண்டும். ஒரே முகவரி இருமுறை பதியாதபடி தரவுத்தளத்திலேயே தடை போட வேண்டும். அதற்கு முன் ஏற்கெனவே இரட்டித்த கணக்குகளை உரியவரிடம் கேட்டு ஒன்றாக்க வேண்டும். தானாக இணைத்தால் ஒருவரின் விபரம் இன்னொருவரிடம் போய்விடக்கூடும். முகவரிப் பெட்டியில் கைத்தொலைபேசி பெரிய எழுத்துப் போடாதவாறும் செய்யலாம். கடவுச்சொல்லில் மட்டும் கை வைக்கக்கூடாது. அங்கே பெரிய, சிறிய எழுத்து வேறுபாடு அவசியம்.

படிவம் நிரப்பும் உறவுகளுக்கு: 'கணக்கு இல்லை' என்று வந்தால் உடனே இரண்டாவது கணக்குத் திறக்காதீர்கள். மின்னஞ்சலை முழுவதும் சிறிய எழுத்தில் அடித்துப் பாருங்கள். கடைசியில் இடைவெளி விழுந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். பதிந்ததும் வரும் மடலை அழிக்காமல் வைத்திருங்கள். நீங்கள் பதிந்தீர்கள் என்பதற்கு அதுவே சான்று.

அந்தத் தாயிடமும் அப்படியொரு மடல் இருந்தது. அதை வைத்து அமைப்பினருக்கு நடந்ததை எழுதினேன். இரு விண்ணப்பங்களையும் ஒன்றாக்கி, முதல் திகதியையே ஏற்றுக்கொண்டார்கள்.