நெல்லிக்கனியால் தேக நலமும் கேச நலமும்

திருவள்ளூர் ஜில்லாவின் கீழ்ப்பாகத்தில் விவசாயிகளுக்கு இரண்டு இடையூறுகள் நேர்ந்துள்ளன. மீஞ்சூரைச் சுற்றிய ஊர்களில் நிலத்தடி நீரை அளவுக்கு மிஞ்சி இறைத்தமையால் கடல்நீர் உட்புகுந்து, கிணறுகள் பல உவர்த்துப்போயின. கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை ஏற்பட்டபின் வயல் வேலைக்கு ஆள் கிடைப்பதும் அரிதாயிற்று. இத்தகைய இடங்களில் மேட்டுப் புன்செய் வைத்திருப்போர், ஓரளவு உவரையும் வறட்சியையும் தாங்கும் நெல்லியின் குணங்களை அறிந்திருத்தல் நன்று.

கனியின் குணம்

அதியமான் ஔவையாருக்கு நெல்லிக்கனி ஈந்த வரலாற்றை அறியாதார் இலர். துவாதசியன்று நெல்லிக்காயை உணவிற் சேர்ப்பதும் நம் இல்லங்களில் நெடுநாளைய வழக்கம். ஆயுர்வேதம் இதனை ஆமலகம் என்று கூறி, உப்பு நீங்கலாக ஏனைய ஐந்து சுவைகளும் உடையதென வகுக்கிறது. கடுக்காய், தான்றிக்காய் இவற்றோடு சேர்ந்து திரிபலையாவதும், சியவனப்பிராசத்திற்கு முதன்மைச் சரக்காவதும் இதுவே.

ஆரஞ்சுப் பழம் 100 கிராமில் ஜீவசத்து ஸி ஏறக்குறைய 50 மில்லிகிராம் உண்டு. நெல்லியிலோ, இரகத்திற்கும் விளைநிலத்திற்கும் தக்கவாறு, பல நூறு மில்லிகிராம் வரை காணப்படுகிறது. இக்கனியிலுள்ள துவர்ப்புப் பொருள் அச்சத்து விரைவில் அழியாமற் காக்கிறதென்று, சென்னைச் சர்வகலாசாலையின் உயிர் ரசாயனசாலையில் ஆராய்ந்த தாமோதரனும் நாயரும் 1936-ம் ஆண்டில் வெளியிட்டனர். காயை ஊறுகாயிடும்போது இரும்பு, செம்புப் பாத்திரங்களைத் தவிர்த்து, மண் கலத்தையோ எவர்சில்வரையோ கொள்க.

கேசத்திற்கு உபயோகம்

மயிர் உதிர்வதற்கு இரும்புச்சத்துக் குறைவு, புரதக் குறைவு, கடுங்காய்ச்சல், பிரசவம் முதலிய காரணங்கள் உண்டு. இவற்றை எண்ணெய் மட்டும் தீர்க்காது. கேழ்வரகு, கீரை முதலியவற்றோடு நெல்லியைப் பச்சையாக உண்டால், அவற்றிலுள்ள இரும்புச்சத்து உடலில் மிகுதியாகச் சேரும். ஆகவே கேசத்திற்கு நெல்லி செய்யும் உதவி உணவிலிருந்தே தொடங்குகிறது.

நெல்லித் தைலம் காய்ச்ச, நல்லெண்ணெய் 1 பங்கும், நெல்லிச்சாறு 4 பங்கும், அரைத்த நெல்லிக் கல்கம் கால் பங்கும் சேர்த்துச் சிறு தீயில் எரிக்க வேண்டும். கல்கத்தை விரலால் உருட்டினால் திரிபோல் திரளவேண்டும்; அதனைத் தீயிலிட்டால் சடசடப்பு எழலாகாது. இதுவே பதம். நீர்ப்பசை எஞ்சினால் தைலம் விரைவில் கெட்டுவிடும். இத்தைலம் மயிரை மிருதுவாக்கிச் சிக்கறச் செய்யும்.

நெல்லித்தூளை இரும்புச் சட்டியில் இரவு முழுதும் நீரில் ஊறவைத்துத் தலையில் பூசினால் நரைமயிர் கருமை பெறுவதுண்டு. துவர்ப்புப் பொருளும் இரும்பும் கூடிக் கருநிறமாவதே இதற்குக் காரணம். இது மேற்பூச்சேயன்றி, வேரிலிருந்து நரையை மாற்றுவதன்று.

சர்க்கரை நோய்க்கும் இரத்தம் உறையாமைக்கும் மருந்துண்போர், நெல்லிச்சாற்றை நாள்தோறும் மிகுதியாக அருந்துமுன் வைத்தியரைக் கேட்டறிதல் வேண்டும்.

சாகுபடிக் குறிப்பு

கிணற்றில் நெல்லிக்கட்டை இடுவது பழைய வழக்கம். ஆயினும் அது நீரில் கரைந்த உப்பை நீக்க வல்லதன்று. ஆதலால் நடுமுன் மண்ணையும் கிணற்று நீரையும் சோதித்தறிவது அவசியம். நீர் தேங்கும் நன்செய் இதற்கு ஆகாது. மொட்டுக்கட்டிய கன்றுகளை 6 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 110 வீதம் நடலாம். நான்கைந்து ஆண்டுகளில் காய்ப்புத் தொடங்கும். பவானிசாகரில் தேர்ந்த பி.எஸ்.ஆர். 1 நம் மாகாணத்து இரகம். ஒரே இரகத்தை மட்டும் நட்டால் காய் குறையும். இரண்டு மூன்று இரகங்களைக் கலந்து நடுக.

ஆலைகளுக்கும் பெருஞ்சாலைகளுக்கும் அருகில் விளைந்த கனிகளில் தூசு படியுமாகையால் நன்றாகக் கழுவியே உபயோகிக்க வேண்டும். ஆலைக் கழிவு நீர் பாய்ந்த நிலமெனின், மண்ணைச் சோதியாது உணவுப்பயிர் எதனையும் வைத்தல் தகாது.

காய் ஒருங்கே வந்து குவியுங்காலத்தில் விலை தாழ்வது இயல்பு. ஆகையால் முழு நிலத்தையும் நெல்லிக்கே விடாமல், முதலில் ஒரு பகுதியில் நட்டு, வற்றல், தூள், ஊறுகாய் செய்யும் வசதியையும், வாங்குவோரையும் முன்னரே தேடிக்கொள்க. கிராம அதிகாரிகள் இச்செய்தியைத் தம் ஊராருக்கு எடுத்துரைத்து, ஐயமுற்றோரைத் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திற்கு அனுப்புவார்களாயின் பெரும் பயன் விளையும்.