கிணற்றுக்குள் பாதாள மீன்கள்!

வாளியில் வந்த அதிசயம்

கேரளத்தில் செங்கன்னூர் என்று ஓர் ஊர். சபரிமலைக்குப் போகிறவர்கள் ரயிலை விட்டு இறங்கும் ஊர் அது.

2020-ம் ஆண்டு கடைசியில் ஒரு நாள். அந்த ஊரில் ஒருவர் குளிக்கப் போனார். வாளியில் தண்ணீர் பிடித்தார். தண்ணீருக்குள் ஏதோ நெளிந்தது. சிவப்பு நூல் போல மெல்லியதாக இருந்தது.

வேறு ஒருவராக இருந்தால், "ஏதோ புழு" என்று கொட்டிவிட்டு, வேறு தண்ணீர் பிடித்திருப்பார். இவர் கொட்டவில்லை. குனிந்து உற்றுப் பார்த்தார்.

அது புழு அல்ல. மீன்!

அந்தத் தண்ணீர் அவருடைய வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். செய்தி விஞ்ஞானிகளுக்குப் போயிற்று. அவர்கள் ஆராய்ந்தார்கள். உலகில் அதுவரை யாரும் பெயர் வைக்காத மீன் அது என்று கண்டார்கள். 2022-ம் ஆண்டில் அதற்குப் பெயர் சூட்டினார்கள். "பாஞ்சியோ பாதாளா" என்பது அந்தப் பெயர்.

பாதாளா என்றால் என்ன? நாம் சொல்லும் பாதாளம்தான். பூமிக்குக் கீழே இருக்கும் உலகம்.

கிணற்றில் வாளி விழுந்துவிட்டால், பாதாளக் கரண்டி போட்டுத் துழாவுவது நம் ஊர் வழக்கம். அந்தப் பாதாளக் கரண்டிக்கும் எட்டாத ஆழத்தில், பாறைக்குள் ஓடும் தண்ணீரில் வாழும் மீன் அது!

பாறைக்குள் ஆறு

பாறைக்குள் மீன் எப்படி வாழ முடியும்?

கேரளத்தின் பல பகுதிகளில் பூமிக்கு அடியில் செம்பாறை இருக்கிறது. வெட்டி எடுக்கும்போது மிருதுவாக இருக்கும். காற்றுப் பட்டதும் இறுகிவிடும். அதைச் செங்கல் மாதிரி வெட்டி வீடு கட்டுகிறார்கள்.

1807-ம் ஆண்டில் வெளிவந்த நூலில் இந்தக் கல்லைப் பற்றி எழுதினார், புக்கானன் என்ற ஸ்காட்லாந்து நாட்டு டாக்டர். மலப்புரம் பக்கத்தில் அங்காடிபுரத்தில் அவர் அதைப் பார்த்தார். "லாட்டரைட்" என்று பெயர் வைத்தார். லத்தீன் மொழியில் "லாட்டர்" என்றால் செங்கல். இன்று உலகம் முழுவதும் அந்தப் பெயர்தான்.

இந்தச் செம்பாறை கெட்டியான பாறை அல்ல. உள்ளே எங்கு பார்த்தாலும் பொந்துகள், புழைகள், சந்துகள். மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கித் தேங்குகிறது, ஊர்ந்து ஓடுகிறது.

கிணறு வெட்டுகிறோம் என்றால், அந்தச் சந்துகளில் ஒன்றுக்கு ஒரு ஜன்னல் வைக்கிறோம் என்று பொருள். எப்போதாவது ஒரு மீன் வழி தவறி அந்த ஜன்னல் வழியாக வந்துவிடுகிறது. கிணறு இறைக்கும்போதும், தூர் வாரும்போதும் மனிதன் கண்ணில் படுகிறது.

மலைக்குகை என்றால் விஞ்ஞானி விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போகலாம். மேகாலய மாநிலத்தில் அப்படித்தான் போனார்கள். ஒரு குகைக்குள், ஓர் அடிக்கு மேல் நீளம் உள்ள, பார்வை இல்லாத மீன்களைப் பார்த்தார்கள். அந்தச் செய்தி 2019-ல் வெளிவந்தது.

கேரளத்துச் செம்பாறைக்குள் யாரும் போக முடியாது. விரல் நுழையாத சந்துக்குள் மனிதன் நுழைவது எப்படி? மீன் வெளியே வந்தால்தான் உண்டு.

முதலில் வந்தது யார்?

முதன்முதலில் இப்படி வெளியே வந்து பெயர் வாங்கிய மீன் கோட்டயத்து மீன். அப்போது கேரளம் பிறக்கவில்லை. அந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலமாக இருந்தது.

கோட்டயத்தில் ஒரு கிணற்றில் அந்த மீன் கிடைத்தது. சுமார் ஒன்றரை அங்குலம்தான் இருக்கும். கெளுத்தி ஜாதி. மீசை இருந்தது. கண் இல்லை. உடம்பு முழுவதும் ரத்தச் சிவப்பு.

மேனன் என்ற விஞ்ஞானி 1950-ம் ஆண்டில் அதற்கு "ஹோராகிளானிஸ் கிருஷ்ணை" என்று பெயர் வைத்தார். ஹோரா என்பவர் அப்போது இந்திய விலங்கியல் ஆய்வுத் துறைக்குத் தலைவர். மலை ஓடைகளில் வாழும் மீன்களை ஆராய்ந்து புகழ் பெற்றவர். அவருடைய பெயரையே மீனின் பெயரில் சேர்த்துவிட்டார் மேனன்.

கண் ஏன் போயிற்று?

கண் இல்லாத மீன் குருட்டு மீன்தானே? பாவம், அது எப்படிப் பிழைக்கிறது?

பரிதாபப்பட வேண்டாம். கண் நமக்குச் சும்மா கிடைப்பதில்லை. கண்ணை உண்டாக்கவும், அதை வேலை செய்ய வைக்கவும் உடம்பு சாப்பாட்டைச் செலவு செய்கிறது. கும்மிருட்டில் கண்ணால் என்ன லாபம்? சாப்பாடு குறைந்த இடத்தில் வீண்செலவு கூடாது.

வெளிச்சத்தில் வாழும் மீன் குருடாகப் பிறந்தால் செத்துப்போகும். இருட்டில் வாழும் மீன் அப்படிப் பிறந்தால் அதற்கு ஒரு குறையும் இல்லை. அது குஞ்சு பொரிக்கும். அந்தக் குஞ்சுக்கும் பார்வை இருக்காது. இப்படியே லட்சக்கணக்கான ஆண்டுகள் கழிந்தால், கண்ணே இல்லாத ஜாதி உண்டாகிவிடும்.

நிறமும் அப்படித்தான். பார்ப்பதற்கு ஆள் இல்லாத இடத்தில் நிறம் எதற்கு? தோலில் சாயம் இல்லாததால் உள்ளே ஓடும் ரத்தம் வெளியே தெரிகிறது. சிவப்பாகத் தெரிவது தோல் அல்ல, ரத்தம்!

கண்ணின் வேலையை மீசை செய்கிறது. தடவித் தடவி, மோப்பம் பிடித்து, இரையைத் தேடிக்கொள்கிறது.

ஓமப்பொடி மீன்!

கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு வீட்டுக் கிணற்றில் கிடைத்த மீனுக்கு 2019-ல் வைத்த பெயர் வேடிக்கையானது. "பாஞ்சியோ பூஜியா" என்பது அந்தப் பெயர்.

பூஜியா என்பது வடநாட்டுப் பலகாரம். நம் ஓமப்பொடி மாதிரி இருக்கும். மீனும் அப்படியே மெலிந்து, நீண்டு இருக்கிறது. முதுகில் துடுப்பு இல்லை. வயிற்றுப் பக்கத் துடுப்பும் இல்லை. சந்துக்குள் நுழைந்து போக இப்படி இருந்தால்தான் வசதி.

செங்கன்னூரில் கிடைத்த பாதாள மீனும் இதே கூட்டம். இரண்டும் நம் ஊர் அயிரைக்குச் சொந்தம். மதுரைக்காரர்கள் குழம்பு வைக்கும் அயிரைக்குப் பாதாளத்தில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்!

விராலுக்கும் ஒரு சொந்தம் உண்டு. அது தெரிந்தது 2018-ல். மலப்புரம் மாவட்டத்தில், ஊரகம் என்ற ஊரில் விசித்திர மீன் ஒன்று பிடிபட்டது. பார்த்தவர்கள் படம் எடுத்தார்கள். செல்போன் வழியாகப் படம் ஊர் ஊராகப் பரவியது. விஞ்ஞானிகள் கைக்கும் வந்தது. அவர்களுக்குத் தூக்கம் போயிற்று.

ஏன்? பார்வைக்கு விரால் போல இருந்தது. ஆனால் விரால் இல்லை. விரால் தண்ணீருக்கு மேலே வந்து காற்றுக் குடிக்கும். அதற்கென்று தலைக்குள் தனி உறுப்பு உண்டு. இந்த மீனுக்கு அந்த உறுப்பே இல்லை.

2019-ல் "எனிக்மாசன்னா கொல்லம்" என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். "எனிக்மா" என்றால் புதிர். "சன்னா" என்றால் விரால். "கொல்லம்" என்றதும் கொல்லம் நகரத்தை நினைக்க வேண்டாம். ஆங்கிலக் கதை ஒன்றில் மலைக்குகையின் இருட்டில் ஒளிந்து வாழும் ஒருவனுடைய பெயர் அது.

2020-ல் இந்த மீனுக்குத் தனிக் குடும்பமே ஏற்படுத்தினார்கள். விரால் குடும்பத்தில் இருந்து இது எப்போது பிரிந்தது என்று கணக்குப் போட்டார்கள். ஒரு முறையில் 3 கோடியே 40 லட்சம் ஆண்டு என்று வந்தது. இன்னொரு முறையில் 10 கோடியே 90 லட்சம் ஆண்டு என்று வந்தது. எப்படிப் பார்த்தாலும், மனிதன் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே பாகப் பிரிவினை நடந்துவிட்டது!

பெயர் வைப்பது எப்படி?

மீன் கிடைத்த அன்றே பெயர் வைத்துவிட முடியாது. அது புதிய மீன்தான் என்று நிரூபிக்க வேண்டும்.

முதலில் மீனை ஸ்பிரிட்டில் போட்டுப் பத்திரப்படுத்துகிறார்கள். பிறகு அளக்கிறார்கள். துடுப்பில் எத்தனை முள், முதுகெலும்பில் எத்தனை கணு என்று எண்ணுகிறார்கள். எக்ஸ்ரே எடுக்கிறார்கள். சில மீன்களின் சதையைக் கண்ணாடி போலத் தெளிய வைத்து, எலும்புக்குச் சிவப்புச் சாயமும் குருத்தெலும்புக்கு நீலச் சாயமும் ஏற்றிப் பார்க்கிறார்கள்.

அடுத்து, பழைய மீன்களோடு ஒப்பிட வேண்டும். முன்பு பெயர் வைத்த மீன்கள் காட்சிசாலைகளில் சீசாக்களில் இருக்கின்றன. "இதுதான் அந்தப் பெயருக்கு உரிய மீன்" என்று குறித்து வைத்த ஒரு மீன் ஒவ்வொரு ஜாதிக்கும் உண்டு. அதுதான் சாட்சி. வழக்கு வந்தால் அதை எடுத்துத்தான் பார்ப்பார்கள்.

எல்லாம் பொருந்தினால், இரண்டு சொல்லில் பெயர். முதல் சொல் கூட்டத்தின் பெயர். இரண்டாவது சொல் அந்த ஜாதிக்கு மட்டும் உரியது. லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் 1758-ல் பிராணிகளுக்கெல்லாம் இந்த முறையைக் கொண்டுவந்தார்.

அப்துல் கலாம் மீன்

கோட்டயத்துக் கெளுத்தியின் கூட்டத்தில் 2004-ல் இரண்டாவது ஜாதி கிடைத்தது. திருச்சூர் மாவட்டத்தில் கிடைத்த அதற்கு, மீன்வள விஞ்ஞானி அலிக்குஞ்ஞியின் பெயரை வைத்தார்கள்.

2012-ல் மூன்றாவது வந்தது. அதே மாவட்டத்தில் இரிஞ்சாலக்குடாவில் கிடைத்தது. அதற்கு வைத்த பெயர் "ஹோராகிளானிஸ் அப்துல்கலாமி". ராமேசுவரத்துக் கடற்கரையில் பிறந்து ஜனாதிபதி ஆன அப்துல் கலாமின் பெயர், பாதாளத்து மீனுக்கும் போய்ச் சேர்ந்தது.

பிறகுதான் சிக்கல் வந்தது. இந்தக் கெளுத்திகளை அருகருகே வைத்தால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். எல்லாம் சிவப்பு. எதற்கும் கண் இல்லை. எலும்பும் ஒன்று போலவே இருக்கிறது.

அப்போது கை கொடுத்தது மரபணு. மரபணு என்பது உடம்புக்குள் எழுதி வைத்திருக்கும் பரம்பரைக் குறிப்பு. அதைப் படித்துப் பார்த்தார்கள். ஒரு குறிப்பிட்ட மரபணுவில் ஜாதிக்கு ஜாதி நிறைய வித்தியாசம் இருந்தது. முகம் ஒன்றுதான், வம்சம் வேறு வேறு!

மக்கள் கண்டுபிடித்த மீன்

இந்த ஆராய்ச்சி 6 ஆண்டு நடந்தது. கொச்சியில் உள்ள கேரள மீன்வளப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஜீவ் ராகவனும், ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி ரால்ப் பிரிட்சும், அவர்களுடைய தோழர்களும் இதில் ஈடுபட்டார்கள்.

ஆயிரக்கணக்கான கிணறுகளுக்கு விஞ்ஞானிகள் காவல் இருக்க முடியுமா? முடியாது. ஆகவே ஊர் மக்களிடம் உதவி கேட்டார்கள்.

மக்கள் உதவினார்கள். வாளியைப் பார்த்தார்கள். தொட்டியைப் பார்த்தார்கள். மீன் வந்தால் சொல்லி அனுப்பினார்கள். இதுவரை தெரியாத 47 இடங்களில் கண் இல்லாத கெளுத்தி இருப்பது தெரிந்தது.

அவற்றில் நான்காவது ஜாதி ஒன்றும் இருந்தது. 2023-ல் அதற்குப் பெயர் வைத்தார்கள். இந்த முறை ராஜா பெயர் இல்லை. தலைவர் பெயர் இல்லை. விஞ்ஞானி பெயரும் இல்லை. "ஹோராகிளானிஸ் பாப்புலி" என்று வைத்தார்கள். லத்தீன் மொழியில் "பாப்புலி" என்றால் "மக்களுடைய" என்று பொருள்.

தண்ணீர் ஒன்றுதான்

இந்த மீன்களுக்கு ஆபத்து இருக்கிறது. செம்பாறையை வெட்டி எடுத்தால் சந்துகள் போய்விடும். கிணற்றை மூடினால் ஜன்னல் போய்விடும். பம்பு வைத்து ஒட்ட இறைத்தால் தண்ணீர் கீழே போய்விடும். கண்டபடி மருந்து கொட்டினால், மீன் தப்பி ஓட வேறு இடம் இல்லை. ஆற்று மீன் அடுத்த மடுவுக்குப் போகலாம். பாறைக்குள் இருக்கும் மீன் எங்கே போகும்?

"போனால் போகட்டும், ஒன்றரை அங்குல மீன்தானே" என்று சிலர் சொல்லலாம். ஆனால் அந்த மீன் வாழும் தண்ணீரைத்தான் மேலே இருக்கும் வீட்டார் குடிக்கிறார்கள். அதில்தான் சோறு வேகிறது. குழந்தை குளிக்கிறது. பாறைக்குள் தண்ணீர் வற்றினால் மீனுக்கும் இல்லை, மனிதனுக்கும் இல்லை. பாறைக்குள் விஷம் இறங்கினால் இரண்டு பேருக்கும் விஷம்தான்.

கோட்டயத்து மீனுக்குப் பெயர் வைத்தது 1950-ல். மக்கள் மீனுக்குப் பெயர் வைத்தது 2023-ல். நடுவில் 73 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் எத்தனையோ வீடுகளில் எத்தனையோ மீன்கள் வாளிக்கு வந்திருக்கும். புழு என்று நினைத்துக் கொட்டியிருப்பார்கள்.

செங்கன்னூர்க்காரர் கொட்டவில்லை. குனிந்து பார்த்தார். அதனால்தான் பாதாள மீன் உலகத்துக்குத் தெரிந்தது.