புயலில் செல்பேசி கோபுரம் சாய்ந்தால் கைகொடுக்கும் 20 மீட்டர் கம்பி: ஹாம் வானொலி ஆன்டெனாவை அமைப்பது, பராமரிப்பது எப்படி?

புதுதில்லி: புயல், வெள்ளம், நிலநடுக்கம் போன்ற பேரிடர்களின்போது செல்பேசி கோபுரங்களும் மின் இணைப்பும் செயலிழக்கும் பகுதிகளில் இருந்து முதல் தகவலை வெளியே கொண்டுவருவதில் ‘ஹாம்’ எனப்படும் அமெச்சூர் வானொலி இயக்குபவர்களுக்கு முக்கியப் பங்கு உண்டு. அவர்கள் பெரிதும் நம்பியிருப்பது இரு மரங்களுக்கோ கம்பங்களுக்கோ இடையே கட்டப்படும் சாதாரண செம்புக் கம்பியைத்தான்.

கடந்த 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி அந்தமான்-நிக்கோபார் தீவுகளை ஆழிப்பேரலை தாக்கியபோது, ஹைதராபாதில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் சார்பில் பாரதி பிரசாத் தலைமையிலான குழு போர்ட் பிளேரில் இருந்தது. பொழுதுபோக்கு ஒலிபரப்புக்காகச் சென்ற அக்குழு, தீவுகளில் சிக்கியவர்கள் குறித்த தகவல்களைப் பெருநிலப்பரப்புக்கு அனுப்பும் பணியில் உடனடியாக இறங்கியது.

நீளம் எவ்வளவு?

ஹாம் இயக்குபவர்கள் அதிகம் பயன்படுத்துவது ‘டைபோல்’ வகை ஆன்டெனா. இதில் கம்பியின் மொத்த நீளம் வானொலி அலை நீளத்தில் ஏறக்குறையப் பாதியாக இருக்கும். 143 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸ் அளவிலான அலைவரிசையால் வகுத்தால் நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 20 மீட்டரும், 3.6 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 40 மீட்டரும் தேவை. கம்பியைச் சரிபாதியாகத் துண்டித்து, நடுவில் கோஆக்சியல் கேபிளை இணைக்க வேண்டும். இரு முனைகளையும் இன்சுலேட்டர் வழியாகக் கயிற்றில் கட்ட வேண்டும்.

நிலத்தின் தன்மை, உயரம், அருகிலுள்ள கட்டடங்கள் ஆகியவற்றைப் பொறுத்து இந்தக் கணக்கு சற்று மாறும். எனவே, முதலில் கம்பியைச் சிறிது கூடுதலாக விட்டு, அளவிட்டுப் பார்த்துப் படிப்படியாகக் குறைப்பதே முறை. 7 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவில் இருபுறமும் தலா 10 சென்டிமீட்டர் குறைத்தால், ஒத்திசைவு அலைவரிசை சுமார் 70 கிலோஹெர்ட்ஸ் உயரும். வெட்டிய கம்பியை மீண்டும் ஒட்டுவது கடினம் என்பதால், முனையை மடித்துக் கட்டிச் சோதித்த பிறகே வெட்ட வேண்டும்.

உயரம் ஏன் முக்கியம்?

தொலைதூர நாடுகளைத் தொடர்புகொள்ள ஆன்டெனா உயரமாக இருக்க வேண்டும். ஆனால், பேரிடர் காலத்தில் தேவைப்படுவது மாவட்டத் தலைநகருடனோ மாநிலத் தலைநகருடனோ தொடர்பு. 7 மெகாஹெர்ட்ஸ் கம்பியை 5 முதல் 10 மீட்டர் உயரத்தில் கட்டினால், அலைகளின் பெரும்பகுதி ஏறக்குறைய செங்குத்தாக மேலே சென்று, அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, சில நூறு கிலோமீட்டர் வட்டத்துக்குள் இறங்கும். மலைகள் இதற்குத் தடையாக இருப்பதில்லை. இரவில் அயனி மண்டலம் வலுவிழப்பதால், 3.5 மெகாஹெர்ட்ஸ் பகுதிக்கு மாற வேண்டியிருக்கும். அதற்கான நீண்ட கம்பியையும் ஆயத்தமாக வைத்திருப்பது நல்லது.

இடவசதி குறைந்த மொட்டைமாடிகளில், நடுவில் ஒரு கம்பத்தை நட்டு, இரு முனைகளையும் சரிவாக இறக்கிக் கட்டலாம். ஒலிபரப்பின்போது முனைகளில் உயர் மின்னழுத்தம் இருக்கும் என்பதால், அவை கைக்கு எட்டாத உயரத்தில் அமைய வேண்டும்.

காற்றும் மழையும்

கம்பி தொய்வின்றி விறைப்பாக இருக்க வேண்டும் என்று கருதுவது தவறு. தொய்வைப் பாதியாகக் குறைத்தால், கம்பியின் மீதான இழுவிசை ஏறக்குறைய இருமடங்காகும். மரத்தில் கட்டும்போது, காற்றில் மரம் அசைவதற்கும் இடமளிக்க வேண்டும். கயிற்றைக் கப்பி வழியாகச் செலுத்தி, அதன் முனையில் ஓர் எடையைத் தொங்கவிட்டால், மரம் ஆடும்போது எடை ஏறி இறங்குமே தவிர கம்பி அறுந்துவிடாது. சாதாரண பிளாஸ்டிக் கயிறு வெயிலில் எளிதில் நைந்துவிடும் என்பதால், புற ஊதாக் கதிர்களைத் தாங்கும் கயிற்றையே பயன்படுத்த வேண்டும்.

கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று இணைப்புகளை அரிக்கும். கேபிள் இணைப்பில் நீர் புகுந்தால், உள்ளே இருக்கும் செம்புப் பின்னல் கறுத்து, மின்னாற்றல் வீணாகும். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆன்டெனாவின் பொருத்தத்தைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். அளவு, பழுதான கேபிளில் முன்பைவிட நன்றாக இருப்பதுபோல் தோன்றக்கூடும். திரும்பி வரும் ஆற்றலைக் கேபிளே விழுங்கிவிடுவதே இதற்குக் காரணம். ஆகவே, ஆன்டெனாவை நிறுவிய நாளில் பதிவு செய்த அளவு, மழைக்குப் பின் எந்தப் பக்கம் மாறியிருந்தாலும் இணைப்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பருவமழைக்கு முன்பாக ஆண்டுதோறும் கம்பியை இறக்கி, கயிறு, இன்சுலேட்டர், இணைப்புகள் ஆகியவற்றைச் சோதிப்பது அவசியம்.

உயிருக்கு ஆபத்து

ஆன்டெனா பணிகளில் மிகப் பெரிய ஆபத்து மேலே செல்லும் மின்கம்பிகள்தான். கம்பமோ கம்பியோ எந்தத் திசையில் விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தொலைவில் இடத்தைத் தேர்வு செய்ய வேண்டும். மின்கம்பிக்கு மேலாகவோ கீழாகவோ ஆன்டெனாவைக் கொண்டு செல்லக் கூடாது. ஈரமான கயிறும் மின்சாரத்தைக் கடத்தும். இடி, மின்னல் நெருங்கும் முன்பே கேபிளைக் கருவியிலிருந்து கழற்றி, வீட்டுக்கு வெளியே விட்டுவிட வேண்டும். நிலத்தொடர்பும் மின்னல் தடுப்பானும் சேதத்தைக் குறைக்குமே தவிர, நேரடி மின்னல் தாக்குதலை முழுமையாகத் தடுக்காது.

இந்தியாவில் தேர்வில் வெற்றி பெற்று, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் பெற்றவர்கள் மட்டுமே அமெச்சூர் வானொலியில் ஒலிபரப்ப முடியும் என்பது குறிப்பிடத்தக்கது.