6 நிமிடம் 40 விநாடி போதும்: பேச வேண்டியவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்

அழைப்பிதழில் இரவு மணி 7.00 என்று இருக்கும். சிறப்பு விருந்தினர் வந்து சேரும்போது மணி எட்டைத் தாண்டியிருக்கும். இறைவாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, திறப்புரை, மாலை, பொன்னாடை, படம் எடுத்துக்கொள்ளுதல் என ஒவ்வொன்றாக முடியும். உண்மையிலேயே ஒரு விஷயத்தைச் சொல்ல வந்தவர் ஒலிவாங்கி முன் நிற்கும்போது பின்வரிசை நாற்காலிகளில் பாதி காலியாகிவிடும். "நேரம் போதாத காரணத்தால் சுருக்கமாகப் பேசும்படி கேட்டுக்கொள்கிறோம்" என்று நெறியாளர் சொல்வதும் அவரிடம்தான்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இந்தக் காட்சியைப் பார்க்காத தமிழர் இருக்க முடியாது. ஆனால், இதே ஊர்களில் வேறு விதமான கூட்டங்களும் நடக்கின்றன. வடிவமைப்பு, தொழில்நுட்பம், புதிய சிந்தனைகள் பற்றிப் பேசும் சிறு கூட்டங்கள் அவை. மாலை இல்லை, பொன்னாடை இல்லை. பேசுபவருக்குப் பட்டமும் பதவியும் தேவையில்லை. நம்மவர்களில் பலர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

தோக்கியோவில் பிறந்த விதி

2003 பிப்ரவரியில் ஜப்பான் தலைநகர் தோக்கியோவில், அஸ்ட்ரிட் கிளைன், மார்க் டைதம் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் ஒரு மாலைக் கூட்டத்தை நடத்தினார்கள். இளம் வடிவமைப்பாளர்கள் தங்கள் வேலையை மற்றவர்களுக்குக் காட்ட ஓர் இடம் வேண்டும் என்பதே நோக்கம். ஆனால், அவர்களுக்கு ஓர் அச்சம் இருந்தது. கட்டடக் கலைஞர் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்தால் திரும்ப வாங்குவது சிரமம்.

அதனால் ஒரு விதி வைத்தார்கள். ஒருவருக்கு 20 படங்கள். ஒவ்வொரு படமும் திரையில் 20 விநாடி மட்டுமே நிற்கும். பிறகு கணினி தானாகவே அடுத்த படத்துக்குப் போய்விடும். மொத்தம் 400 விநாடி, அதாவது 6 நிமிடம் 40 விநாடி. பேராசிரியர் ஆனாலும் நேற்றுப் படிப்பு முடித்தவர் ஆனாலும் அதே நேரம்தான். கூட்டத்துக்கு 'பெச்சா குச்சா' என்று பெயர் வைத்தார்கள். கூடி அரட்டை அடிக்கும் சத்தத்தை ஜப்பானியர்கள் அப்படித்தான் சொல்வார்கள். இன்று உலகில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நகரங்களில் இது நடந்திருக்கிறது. கோலாலம்பூரும் சிங்கப்பூரும் அந்தப் பட்டியலில் உண்டு.

விதி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால், அது செய்யும் வேலை பெரியது. பெரியவர் ஒருவர் நேரத்தை எடுத்துக்கொண்டால் சிறியவர் ஒருவர் பேசாமல் வீடு திரும்புவார். கடிகாரத்துக்கு ஆள் வேறுபாடு தெரியாது. நேரத்தை அளந்து கொடுத்தால்தான் மேடையைப் பங்கு போட முடியும்.

வெவ்வேறு வடிவங்கள்

இந்த வகைக் கூட்டங்களில் பலருக்கும் தெரிந்த பெயர் 'டெட்'. தொழில்நுட்பம், பொழுதுபோக்கு, வடிவமைப்பு ஆகிய மூன்றின் ஆங்கில முதல் எழுத்துகளே அந்தப் பெயர். 1984-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் முதல் மாநாடு நடந்தபோது நட்டம்தான் மிஞ்சியது. இரண்டாவது மாநாடு நடக்க 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2006-இல் உரைகளை இணையத்தில் இலவசமாக வெளியிட்ட பிறகே உலகம் முழுவதும் பரவியது. ஓர் உரைக்கு அதிக அளவாக 18 நிமிடம். 2009 முதல், உரிமம் பெற்று எந்த ஊரிலும் நடத்தக்கூடிய 'டெட்எக்ஸ்' கூட்டங்கள் வந்தன.

இன்னொரு வடிவம் 'பார்கேம்ப்'. அமெரிக்காவில் அழைப்பு பெற்றவர்கள் மட்டுமே கலந்துகொள்ளும் ஒரு தொழில்நுட்பக் கூட்டம் இருந்தது. அதற்கு மறுமொழியாக, யாரும் வரலாம் என்று 2005 ஆகஸ்டில் சில இளைஞர்கள் ஒரு வாரத்துக்குள் ஏற்பாடு செய்த கூட்டம் இது. இங்கு முன்கூட்டியே நிகழ்ச்சி நிரல் கிடையாது. காலையில் சுவரில் ஒரு வெற்று அட்டவணை இருக்கும். பேச விரும்புபவர் தலைப்பை எழுதி ஒட்ட வேண்டியதுதான். பார்வையாளர் என்று யாரும் இல்லை, எல்லாரும் பங்கேற்பாளர்கள் என்பதே இதன் கொள்கை.

பேச்சே இல்லாத கூட்டமும் உண்டு. சிங்கப்பூரில் 2014-இல் தொடங்கிய 'ரிப்பேர் கோப்பித்தியாம்' அப்படிப்பட்டது. பழுதான மின்விசிறி, ரொட்டி சுடும் கருவி, கிழிந்த பை ஆகியவற்றை மக்கள் அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவருவார்கள். தொண்டூழியர்கள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடியே பழுது பார்ப்பார்கள். கைவேலை தெரிந்தவர்தான் அங்கே ஆசிரியர்.

நமக்கு அங்கே என்ன வேலை?

தோட்டத்திலும் சிறு பட்டணங்களிலும் வளர்ந்த இளையோர் இந்தக் கூட்டங்களுக்குப் போகத் தயங்குவதற்குக் காரணங்கள் உண்டு. பெரும்பாலான கூட்டங்கள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. இடம் கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா, சைபர்ஜெயா என்று தலைநகரைச் சுற்றியே இருக்கும். இரவில் முடிந்தால் வீடு திரும்பப் பேருந்து இருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, 'அது நம்ம இடம் இல்லை' என்ற எண்ணம்.

ஆனால், அங்கே நடப்பது பேச்சு மட்டும் அல்ல. இடைவேளையில் தேநீர்க் கோப்பையோடு நிற்கும்போது ஒருவர் தன் நிறுவனத்துக்கு ஆள் தேடுவதாகச் சொல்வார். இன்னொருவர் தான் தொடங்கிய சிறு தொழிலில் எங்கே தவறு செய்தார் என்று சொல்வார். விளம்பரத்தில் வராத பல வேலைகளும் வாய்ப்புகளும் இப்படித்தான் கைமாறுகின்றன. அந்த இடத்தில் நம் பிள்ளை இல்லையென்றால், செய்தி நம் பிள்ளைக்குப் போய்ச் சேராது. சான்றிதழ் இருந்தும் அறிமுகம் இல்லாமல் நிற்கும் பட்டதாரிகளுக்கு இது சின்ன இழப்பு அல்ல.

ஓர் எச்சரிக்கையும் தேவை. 'சிந்தனை', 'தொழில்நுட்பம்', 'எதிர்காலம்' என்ற சொற்களை அலங்காரமாகப் போட்டுக்கொண்டு, ஹோட்டல் அறையில் கூட்டம் கூட்டி, கடைசியில் முதலீட்டுப் பாரத்தை நீட்டுபவர்களும் இருக்கிறார்கள். வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது கடினம் அல்ல. உண்மையான சந்திப்பு இலவசமாக இருக்கும், அல்லது அறிவிப்பிலேயே சொல்லப்பட்ட நுழைவுக் கட்டணம் மட்டும் இருக்கும். அடையாள அட்டை நகலோ வங்கிக் கணக்கு எண்ணோ அங்கே கேட்கமாட்டார்கள். 'இன்றே சேர வேண்டும்' என்று அவசரப்படுத்தமாட்டார்கள்.

மொழி தடையா?

ஆங்கிலம்தான் இந்த மேடைகளின் மொழி என்று எந்த விதியும் இல்லை. கோலாலம்பூரின் பெட்டாலிங் ஸ்ட்ரீட் பெயரைத் தாங்கி, சீன மொழியிலேயே டெட்எக்ஸ் கூட்டம் நடத்தப்பட்டிருக்கிறது.

தமிழிலும் இதற்கு வேர் உண்டு. இணையம் பரவத் தொடங்கிய காலத்தில் ஒருவர் தட்டச்சு செய்த தமிழ் இன்னொருவர் கணினியில் புரியாத குறிகளாகத் தெரிந்தது. ஒவ்வொரு எழுத்துருவும் ஒவ்வொரு விதமாக அமைந்திருந்ததே காரணம். 1997 மே மாதத்தில், எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமியின் முயற்சியில் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது. மலேசியாவின் முத்து நெடுமாறன் போன்றவர்கள் அதற்கு முன்பே தமிழ் மென்பொருள்களை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அவருடைய முரசு அஞ்சல் 1985-இல் தொடங்கியது. 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டி 'தமிழ்99' விசைப்பலகை வந்தது. 2000-இல் சிங்கப்பூர் மாநாட்டில் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவானது. 2001-இல் மாநாடு கோலாலம்பூருக்கு வந்தது.

இன்று ஒரு பாட்டி புலனத்தில் தமிழில் வாழ்த்து அனுப்புகிறார் என்றால், அதற்குப் பின்னால் வெவ்வேறு நாடுகளில் தனித்தனியாக உழைத்தவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து வாதிட்ட நாள்களும் இருக்கின்றன. வடிவமைப்பும் தொழில்நுட்பமும் நமக்குப் புதிய பேச்சு அல்ல.

எதைப் பேசுவது?

'பேச எங்களிடம் என்ன இருக்கிறது?' என்பது அடுத்த கேள்வி. ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும்: பால்மரம்.

ரப்பர் மரத்தில் வெட்டு ஏன் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிகிறது? பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்கள் நேராக நிற்பதில்லை. கீழிருந்து மேலே போகும்போது சற்றே வலப்பக்கம் சாய்ந்து போகின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டு அந்தக் குழாய்களை அதிக எண்ணிக்கையில் திறக்கும். ஏன் விடியுமுன் வெட்ட வேண்டும்? குளிர்ந்த வேளையில் மரத்துக்குள் நீரழுத்தம் கூடுதல், அதனால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறையும். ஏன் கை அளவாக இறங்க வேண்டும்? பட்டைக்கு உள்ளே இருக்கும் வளர்படலத்தைக் கத்தி தொட்டால் மரம் காயப்படும், புதுப் பட்டை ஒழுங்காக வளராது.

மரத்தைக் கொல்லாமல் அதே வெட்டை மெல்லிய சீவலாக மீண்டும் மீண்டும் திறக்கும் முறையை 1890-களில் சிங்கப்பூர்ப் பூமலையில் சோதித்து உருவாக்கியவர் அதன் இயக்குநர் ஹென்றி ரிட்லி. அந்த முறையை லட்சக்கணக்கான மரங்களில், தலைவிளக்கு வெளிச்சத்தில், ஆண்டுக்கணக்கில் செய்து காட்டியவர்கள் நம் தாத்தா பாட்டிகள். கத்தியின் கோணம், மங்கு கட்டும் உயரம், மழை வரும் அறிகுறி, எந்த மரம் 'பால் கொடுக்கும்' என்ற கணிப்பு, இவை அத்தனையும் வடிவமைப்பு அறிவு, தொழில்நுட்ப அறிவு. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிய பிறகு அந்த அறிவைச் சொல்லக்கூடியவர்கள் ஆண்டுதோறும் குறைகிறார்கள். அவர்கள் சிறப்புரை ஆற்றமாட்டார்கள். ஆனால், பேரன் 20 படம் எடுத்துக் கொடுத்தால், ஒவ்வொன்றையும் பார்த்து மூன்று வாக்கியம் சொல்ல அவர்களால் முடியும்.

மோட்டார் பட்டறை வைத்திருப்பவர், வீட்டிலிருந்து முறுக்கு வியாபாரம் செய்யும் தாய், கைப்பேசிச் செயலி எழுதிப் பார்க்கும் படிவம் 5 மாணவன் என எல்லாரிடமும் 6 நிமிடம் 40 விநாடிக்கு விஷயம் உண்டு.

நம் ஊரில் நடத்துவது எப்படி?

பெச்சா குச்சா, டெட்எக்ஸ் என்ற பெயர்களைப் பயன்படுத்த அந்த அமைப்புகளின் ஒப்புதல் வேண்டும். சொந்தப் பெயர் வைத்து, நேர அளவை மட்டும் கடைப்பிடித்தால் தடையில்லை.

இடத்துக்குப் பஞ்சமில்லை. நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. கோயில் மண்டபங்களும் பொது மண்டபங்களும் உள்ளன. ஒரு மடிக்கணினி, ஒரு புரொஜெக்டர், ஒரு வெள்ளைத் துணி, ஓர் ஒலிவாங்கி இருந்தால் போதும். பவர்பாயிண்டில் 'டிரான்சிஷன்ஸ்' பகுதிக்குப் போய், சொடுக்கினால் மாறும் வசதியை நீக்கிவிட்டு, 20 விநாடிக்குப் பிறகு மாறும்படி அமைத்து, எல்லா ஸ்லைடுகளுக்கும் பொருத்த வேண்டும்.

ஆறு பேர் பேசினால் சரியாக 40 நிமிடம். ஆள் மாறும் நேரத்தைச் சேர்த்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மூன்று பேருக்குப் பிறகு தே தாரிக் இடைவேளை விடுவது நல்லது. அறிமுகங்கள் நடப்பது அப்போதுதான், அதைக் குறைக்கக் கூடாது. பேசுபவர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும், ஒருவராவது 60 வயதைக் கடந்தவராக இருக்கட்டும், ஒருவராவது மாணவராக இருக்கட்டும். கைப்பேசியில் ஒளிப்பதிவு செய்து வைத்தால், வர முடியாதவர்களும் பார்க்கலாம்.

பேசுபவர் ஒரு படத்துக்கு மூன்று நான்கு சிறு வாக்கியங்களுக்கு மேல் எழுதிக்கொள்ளக் கூடாது. வீட்டில் கடிகாரத்தை வைத்து இரண்டு முறையாவது பேசிப் பார்க்க வேண்டும். திரையில் எழுத்து நிறைந்திருந்தால் மக்கள் வாசிப்பார்கள், கேட்கமாட்டார்கள். ஆகவே படமே போதும்.

குறுகிய பேச்சில் ஆழம் கிடைக்காது என்ற குறை உண்மைதான். ஒரு துறையை 7 நிமிடத்தில் கற்றுக்கொள்ள முடியாது. ஆனால், யாரிடம் போய்க் கேட்கலாம் என்பதை அந்த 7 நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். மீதியை மண்டப வாசலில், தேநீரோடு தொடரலாம்.

சிறப்பு விருந்தினர் வந்தால்? தாராளமாக வரட்டும். நாற்காலி உண்டு, தே தாரிக் உண்டு. பேச விரும்பினால் அவருக்கும் 20 படம், 20 விநாடி.